அட்டையில் 'மைனஸ் 20', மலையில் மரத்த விரல்: காற்றுத் தடுப்புக் கையுறையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்கந்தா மலை ட்ரெக்கிங்குக்குப் பதிவு செய்தவரும், லடாக்குக்குச் சைக்கிளை அனுப்பிவைத்துவிட்டுக் காத்திருப்பவரும் கடையில் ஒரே இடத்தில் வந்து தடுமாறுகிறார்கள். கையுறை அடுக்கில் ஒன்றின் அட்டையில் 'விண்ட்ப்ரூஃப்' என்றிருக்கிறது. பக்கத்தில் 'வாட்டர்ப்ரூஃப்'. இன்னொன்றில் 'மைனஸ் 20'. புதிதாக வந்தவற்றில் 'பிஎஃப்ஏஎஸ் இல்லாதது' என்று வேறு போட்டிருக்கிறார்கள். விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம்வரை போகிறது. ஜாக்கெட்டுக்கும் ஷூவுக்கும் வாரக்கணக்கில் யோசித்தவர்கள்கூடக் கையுறையைத் தொட்டுப் பார்த்து, தடிமனாக இருப்பதை எடுத்துக்கொண்டு பில் போட்டுவிடுகிறார்கள்.

தடிமனை வைத்து வாங்குவதில்தான் கணக்கு பிசகுகிறது. வெப்பமானி காட்டும் குளிரைவிடக் காற்றும் ஈரமும் விரலிலிருந்து பறிக்கும் சூடு அதிகம். அந்த இரண்டையும் சமாளிக்காத கையுறை எவ்வளவு தடிமனாக இருந்தும் பலனில்லை. மலையேறுபவருக்கும் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் காற்று வரும் விதமும் வியர்வை வரும் விதமும் வேறு என்பதால், 'இரண்டுக்கும் ஒரே ஜோடி போதுமா?' என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

விரல் ஏன் முதலில் மரக்கிறது?

கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கும் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். விரலுக்குச் சூடு ரத்தத்தின் வழியாக வருகிறது. விரலை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் எலும்பும் நரம்பும் தசைநாணும்தான். ஆகவே விரலால் தானாகப் பெரிதாகச் சூடு உண்டாக்கிக்கொள்ள முடியாது. மெலிந்த உருளை வடிவம் என்பதால் அதன் கன அளவுக்கு மேற்பரப்பு மிக அதிகம். அந்த மேற்பரப்பு முழுவதும் சூட்டை வெளியே விடுகிறது.

உடல் குளிர்ந்தால் மூளை முதலில் இதயம், நுரையீரல் இருக்கும் நடுப்பகுதியைக் காப்பாற்றப் பார்க்கும். கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்தம் குறைந்த விரலில் தோலின் வெப்பம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலைகள் தடுமாறத் தொடங்கும்: ஜிப்பை இழுப்பது, கியரைத் தட்டுவது, பக்கிளை மாட்டுவது. சிலருக்குச் சற்று நேரம் கழித்து விரல் நுனியில் திடீரென ரத்தம் பாய்ந்து சுருக்கென்று வலிக்கும். பிறகு மறுபடி குழாய் சுருங்கும். பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-இல் விவரித்த உடலின் இயல்பான எதிர்வினை இது. எல்லாருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை.

இதிலிருந்து, கையுறை விற்கும் கடையில் யாரும் சொல்லாத ஒன்று வெளிப்படுகிறது. மார்பும் வயிறும் குளிர்ந்திருந்தால் எந்தக் கையுறையும் விரலைக் காப்பாற்றாது. கை மரத்துப்போகிறது என்று புகார் சொல்பவர், கையுறையை மாற்றுவதற்கு முன் உள்ளே இன்னொரு ஃப்ளீஸ் (மென்மையான செயற்கைத் துணி மேலாடை) போட்டுப் பார்க்கலாம். பலருக்குப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

காற்று என்ன செய்கிறது?

அசையாத காற்றில் நம் தோலை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று தங்கியிருக்கும். அதுவே ஒரு போர்வை. காற்று வீசும்போது அந்தப் படலம் கலைந்து, தோல் திரும்பத் திரும்பப் புதுக் குளிர்காற்றைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. கம்பளிக் கையுறையிலும் இதே கதைதான். நூல்களுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான் அதன் சூடு. காற்று உள்ளே புகுந்து அதைக் கலைத்துவிட்டால், பாட்டி பின்னிக்கொடுத்த கையுறையும் வலையும் ஒன்றுதான்.

இந்த விளைவை எண்ணாகச் சொல்வதுதான் 'விண்ட் சில்', அதாவது காற்றுக் குளிர். அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்லஸ் பாசெலும் அண்டார்க்டிகாவில் பிளாஸ்டிக் உருளையில் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்து, 1945-இல் முதல் சூத்திரத்தை வெளியிட்டார்கள். உருளை வேறு, மனிதத் தோல் வேறு என்பதால் அது குளிரை மிகைப்படுத்தியது. 2001-இல் கனடாவும் அமெரிக்காவும், ஆட்களைக் காற்றுச் சுரங்கத்தில் நடக்கவைத்துச் சோதித்துத் திருத்திய சூத்திரத்துக்கு மாறின. இன்றைய வானிலைச் செயலிகள் 'ஃபீல்ஸ் லைக்' என்று காட்டும் குளிர்கால எண் பெரும்பாலும் அதிலிருந்து வருவதுதான்.

அந்தச் சூத்திரப்படி மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் மைனஸ் 18 போல உறைக்கும். 40 கிலோமீட்டர் என்றால் மைனஸ் 21. முதல் 20 கிலோமீட்டர் 8 டிகிரியைப் பறிக்கிறது, அடுத்த 20 வெறும் 3 டிகிரிதான். மிதமான காற்றிலேயே பெரிய இழப்பு நடந்து முடிந்துவிடுகிறது. 'புயலா அடிக்கப்போகிறது, எனக்கு எதற்கு விண்ட்ப்ரூஃப்?' என்று மலையேறுபவர்கள் கேட்பதற்குப் பதில் இந்த எண்களில் இருக்கிறது.

இந்த எண்ணைக் கைக்குப் பயன்படுத்தும்போது மூன்று விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும்.

1. இது முகத்தை வைத்துக் கணக்கிட்டது, கையை வைத்து அல்ல. திறந்திருக்கும் தோலுக்குத்தான் பொருந்தும்.

2. காற்றுக் குளிர் மைனஸ் 5 என்று காட்டினாலும், காற்றின் உண்மையான வெப்பம் 2 டிகிரியாக இருந்தால் உலர்ந்த எந்தப் பொருளும் 2 டிகிரிக்குக் கீழே போகாது. உலர்ந்த விரல் மரக்கும், வலிக்கும், ஆனால் உறையாது. உறைபுண் வர, காற்றின் வெப்பமே பூஜ்யத்துக்குக் கீழே இருக்க வேண்டும். காற்றுக் குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால் திறந்த தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களில் உறையலாம் என்பது கனடா வானிலைத் துறையின் எச்சரிக்கை.

3. சூத்திரத்தில் போடும் காற்றின் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. முக உயரத்தில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்று சூத்திரமே கழித்துக்கொள்கிறது. மிதிவண்டியில் இந்தக் கழிவு கிடையாது.

இரண்டு பேருக்கும் இரண்டு காற்று

லேயிலிருந்து கர்துங் லா கணவாய் சுமார் 40 கிலோமீட்டர். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணவாயின் உயரம் ஜிபிஎஸ் கணக்கில் 5,359 மீட்டர். (உச்சியில் நெடுநாளாக எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் பலகையின் 18,380 அடி என்ற எண்ணை நம்பினால் இருநூறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஏறிய பெருமை கிடைக்கும்.) ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால், லேயில் 15 டிகிரி இருக்கும் செப்டம்பர் காலையில் கணவாயில் 3 டிகிரி இருக்கும்.

ஏறும்போது வேகம் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். மூச்சு வாங்கும், உடம்பு கொதிக்கும், மெல்லிய கையுறைகூட நனையும். உச்சியில் பத்து நிமிடம் நின்று தேநீர் குடித்துவிட்டு இறங்கத் தொடங்கினால் எல்லாம் தலைகீழாகிறது. கால் மிதிப்பதில்லை, உடம்பில் சூடு பிறப்பதில்லை, வண்டி 40-இல் போகிறது. வெளியே ஒரு இலைகூட அசையாத நாளிலும் கையில் 40 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது. மேலே சொன்ன கழிவு இல்லாததால் காற்றுக் குளிர் அட்டவணையில் 60 கிலோமீட்டர் வரிசையைப் பார்ப்பதே பொருத்தம்: 3 டிகிரிக்கு மைனஸ் 5 வரும். எதிர்க்காற்று இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கை ஹேண்டில்பாரில் அசையாமல், முன்னால் நீட்டியபடி, காற்றுக்கு முதல் ஆளாக நிற்கிறது. அதோடு பிரேக் லிவரை விடாமல் பிடித்தாக வேண்டும். விரல் மரத்தால் அசௌகரியத்தோடு போகாது, வளைவில் வண்டி நிற்காது.

ஒரு சின்ன ஆறுதல், 5,359 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 58 சதவீதம்தான். மெலிந்த காற்று அதே வேகத்தில் சற்றுக் குறைவாகவே சூட்டைப் பறிக்கும். ஆனால் அதே உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, களைப்பு, நீர் வற்றிப்போன உடம்பு எல்லாம் சேர்ந்து விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதால், அந்த ஆறுதலை நம்பிக் கையுறையைக் குறைக்க வேண்டாம்.

நடப்பவரின் நிலை வேறு. கேதார்கந்தாவில் சுமார் 3,800 மீட்டர் சிகரத்துக்கு இரவு மூன்று மணி வாக்கில் கிளம்புவார்கள், சூரிய உதயம் பார்க்க. காட்டுக்குள் இருக்கும்வரை காற்று பெரிதாகத் தெரியாது. மரங்கள் முடிந்து முகட்டில் ஏறியதும் அடிக்கும். நடையின் வேகம் பொருட்டே அல்ல; திடீரென்று வரும் காற்றும், நின்று காத்திருக்கும் நேரமும்தான் பிரச்சினை. உச்சியில் செல்போன் எடுக்க, பாட்டிலைத் திறக்க, கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் சட்டம்) பட்டையைச் சரிசெய்யக் கையுறையைக் கழற்றுவார்கள். கழற்றிய அந்த இரண்டு நிமிடத்தில் போன சூட்டைத் திரும்பப் பெற அரைமணி நேரம்கூட ஆகலாம்.

சைக்கிள்காரருக்கு வேண்டியது முழு நேரக் காற்றுத் தடுப்பும் பிரேக் பிடிக்கும் விரலும். மலையேறுபவருக்கு வேண்டியது வியர்வையை விடும் மெல்லிய கையுறையும், தேவைப்படும் நேரத்தில் மேலே இழுத்துக்கொள்ளும் உறையும். இருவருக்கும் பொதுவான எதிரி ஏற்றத்தில் வந்த வியர்வை. மண்பானையின் ஈரத் துணிமேல் காற்றுப் பட்டால் உள்ளே தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, நனைந்த கையுறைக்குள் விரலும் அப்படிக் குளிர்கிறது. போதாததற்கு, தண்ணீர் சூட்டைக் கடத்தும் திறன் அசையாக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல்.

கையுறையைப் பிரித்துப் பார்த்தால்

1. வெளித்துணி. பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். உள்ளங்கையில் தோல் அல்லது செயற்கைத் தோல். உரசலைத் தாங்குவது இதன் வேலை. மேலே தண்ணீர் முத்தாக உருளும்படி ஒரு பூச்சு இருக்கும்.

2. மெம்பரேன் என்கிற சவ்வு. எல்லாக் கையுறையிலும் இருக்காது. காற்றைத் தடுத்து, நீராவியை மட்டும் வெளியே விடும் மெல்லிய படலம். கோர்-டெக்ஸ், விண்ட்ஸ்டாப்பர் எல்லாம் இந்தச் சவ்வின் வணிகப் பெயர்கள்.

3. சூடு காக்கும் அடுக்கு. ப்ரைமாலாஃப்ட், தின்சுலேட் போன்ற செயற்கைப் பஞ்சு, ஃப்ளீஸ், கம்பளி, அபூர்வமாக வாத்து இறகு. நனைந்தால் இறகு பஞ்சுருண்டையாகிவிடும். கைக்கு அது தோதில்லை.

4. உள்துணி. கடையில் யாரும் கவனிக்காதது, மலையில் எல்லாரும் திட்டுவது. வியர்த்த கையை வெளியே இழுக்கும்போது விரலோடு உள்துணியும் வெளியே வந்துவிட்டால், குளிரில் அதை மறுபடி விரல் விரலாக உள்ளே திணிப்பது பெரும்பாடு. நல்ல கையுறையில் உள்துணியின் நுனி வெளி அடுக்கோடு தைக்கப்பட்டோ ஒட்டப்பட்டோ இருக்கும்.

விண்ட்ப்ரூஃப், வாட்டர்ப்ரூஃப்: யார் எதைத் தடுக்கிறார்கள்?

துணி வழியாக எவ்வளவு காற்று புகுகிறது என்பதைத் தொழிலில் சிஎஃப்எம் என்று அளக்கிறார்கள்: ஒரு சதுர அடித் துணி வழியாக நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று கடக்கிறது என்பது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் பொதுவாக விண்ட்ப்ரூஃப் என்பார்கள். சாதாரண ஃப்ளீஸ் வழியாக இதைப் போலப் பல மடங்கு காற்று புகும். அட்டையில் 'விண்ட்ப்ரூஃப்' என்று அச்சிட விளையாட்டுக் கையுறைகளுக்குக் கட்டாயத் தரம் ஏதுமில்லை. 'விண்ட் ரெசிஸ்டன்ட்' என்றிருந்தால் காற்றைக் குறைக்கும், நிறுத்தாது என்று பொருள்.

தண்ணீரைத் தடுக்கும் துணி கிட்டத்தட்ட எப்போதும் காற்றையும் தடுக்கும். காற்றைத் தடுப்பது தண்ணீரைத் தடுக்க வேண்டியதில்லை. காரணம் தையல். சவ்வு நீர்புகாததாக இருந்தாலும் ஊசி போன ஓட்டைகளில் தண்ணீர் கசியும். அதனால் வாட்டர்ப்ரூஃப் கையுறைக்குள் தையலே இல்லாத பை போன்ற தனிச் சவ்வு ஒன்றைச் செருகுகிறார்கள். அது கூடுதல் அடுக்கு. கை கொழகொழவென்று இருக்கும், பிரேக் உணர்வு மழுங்கும், வியர்வை வெளியேறுவதும் மெதுவாகும்.

ஆகவே என் கணிப்பில், உலர்ந்த குளிருக்கு வாட்டர்ப்ரூஃப் வாங்குவது காசைக் கொடுத்து வியர்வையை வாங்குவது. லடாக் மழை மறைவுப் பகுதி. அங்கே விண்ட்ப்ரூஃப் போதும். பனிக்குள் கையூன்றி ஏறும் குளிர்கால ட்ரெக்கிங்கிலும், ஈரப்பனி விழும் இடங்களிலும், மழையில் ஓட்டும்போதும்தான் வாட்டர்ப்ரூஃப் அதன் விலைக்கு வேலை செய்கிறது.

பிஎஃப்ஏஎஸ் என்ற புதுச் சொல்

ஃப்ளோரின் சேர்ந்த, இயற்கையில் எளிதில் சிதையாத ரசாயனக் குடும்பத்துக்குப் பொதுப்பெயர் பிஎஃப்ஏஎஸ். தண்ணீர் உருளும் பூச்சிலும், பழைய கோர்-டெக்ஸ் சவ்விலும் இந்தக் குடும்பத்துப் பொருள்கள்தான் இருந்தன. கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் துணிகளில் இதற்குத் தடை விதித்தது. கடும் மழைக்கான வெளிப்புற உடைகளுக்கு மட்டும் 2028 வரை, அட்டையில் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விலக்கு. பிரான்ஸில் உடைகளுக்கான தடை 2026-இல் தொடங்கியது. கோர்-டெக்ஸைத் தயாரிக்கும் கோர் நிறுவனம் பாலிஎத்திலீனால் ஆன புதுச் சவ்வுக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

வாங்குபவருக்கு இதனால் என்ன? காற்றுத் தடுப்பில் இழப்பில்லை. அது சவ்வின் நெருக்கத்தைப் பொறுத்தது. மாற்றம் பூச்சில்தான். புதுப் பூச்சு தண்ணீரை உருட்டும், எண்ணெயை உருட்டாது. கை எண்ணெய், சன் ஸ்கிரீன், சைக்கிள் சங்கிலி மசகு பட்ட இடத்தில் பூச்சு சீக்கிரம் போய்விடும். அங்கே வெளித்துணி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துக் குளிரும். அடிக்கடி லேசான சோப்பில் அலசுவதும், அவ்வப்போது தெளிப்பு வாங்கிப் பூசுவதும் இனி வழக்கமாக வேண்டியிருக்கும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் கூடாது.

இன்னொரு பெயர்க் குழப்பம்: விண்ட்ஸ்டாப்பர் 2018-இல் 'இன்ஃபினியம்' என்ற பெயருக்குள் போய், பின்னர் பழைய பெயருக்கே திரும்பியது. தள்ளுபடியில் இன்ஃபினியம் என்று கிடைத்தால் தரம் குறைந்தது என்று ஒதுக்க வேண்டாம்.

'மைனஸ் 20' யார் அளந்தது?

தூக்கப் பைகளுக்கு ஐஎஸ்ஓ 23537 என்ற தரம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடலாம். விளையாட்டுக் கையுறைகளுக்கு அப்படி எதுவும் நடைமுறையில் இல்லை. மைனஸ் 20 என்பது அந்த நிறுவனத்தின் சொந்தக் கணிப்பு. வேகமாக நடப்பவருக்கா, லிஃப்டில் உட்கார்ந்திருக்கும் பனிச்சறுக்குக்காரருக்கா, காற்றோடா காற்றில்லாமலா என்று அட்டை சொல்லாது. அந்த எண்ணை ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம்.

உண்மையான அளவீடு வேண்டுமென்றால் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையுறைகளைப் பார்க்க வேண்டும். குளிர்பதனக் கிடங்கு, மீன்பிடிக் கப்பல் வேலைக்கு வருபவற்றில் ஈஎன் 511 என்ற ஐரோப்பியத் தரக் குறி, பனித்துகள் படத்தோடு மூன்று எண்களாக இருக்கும். முதல் எண் காற்றுவழிக் குளிருக்கு, 0 முதல் 4 வரை. இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போது, அதுவும் 0 முதல் 4 வரை. மூன்றாவது தண்ணீர்: அரைமணி நேரம் புகாவிட்டால் 1, புகுந்தால் 0. எக்ஸ் என்றிருந்தால் சோதிக்கவில்லை. அலுமினிய பிரேக் லிவரைப் பிடிப்பவருக்கும் ஐஸ் ஆக்ஸ் என்கிற பனிக்கோடரியின் உலோகத் தலையைப் பிடிப்பவருக்கும் இரண்டாவது எண் முக்கியம். அழகாக இருக்காது, பிராண்டும் தெரியாது. ஆனால் சோதித்த எண் இருக்கிறது, விலையும் குறைவு.

மோட்டார் சைக்கிள் கையுறைகளில் காணப்படும் ஈஎன் 13594 வேறு விஷயம்: விழுந்தால் கை சிதையாமல் காப்பதற்கானது. அதைப் போட்டுக்கொண்டு மலையேறினால் விரல் முட்டிக் கவசத்தைச் சுமந்ததுதான் மிச்சம்.

வடிவம்

ஐந்து விரல் கையுறையில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் குளிர்கிறது. கட்டைவிரல் தவிர மற்றவை ஒரே பைக்குள் இருக்கும் மிட்டனில் நான்கு விரல்களும் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கின்றன. அதே பஞ்சு, அதே எடை, சூடு நன்றாகவே கூடும். உறைந்த ஸன்ஸ்கர் ஆற்றின்மேல் நடக்கும் சாதர் பயணம்போல இரவில் மைனஸ் 20-க்குக் கீழே போகும் இடங்களுக்கு மிட்டனைத் தவிர்த்து யோசிக்கவே கூடாது. ஆனால் மிட்டனோடு பிரேக்கும் கியரும் கையாள முடியாது. இதற்கு இடைப்பட்டது நண்டுக் கொடுக்குபோல இரண்டிரண்டு விரல்கள் சேர்ந்த 'லாப்ஸ்டர்' வகை; பிரேக்குக்கு இரண்டு விரல் கிடைக்கும்.

சைக்கிளுக்கு இன்னொரு வழி கையில் இல்லை, வண்டியில் இருக்கிறது. ஹேண்டில்பாரில் பூட்டும் 'போகி' எனப்படும் உறை. அலாஸ்காவில் பனியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஃபேட் பைக் (அகன்ற டயர் சைக்கிள்) ஓட்டுபவர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். வட இந்தியக் குளிரில் ஸ்கூட்டர்களிலும் இதன் எளிய வடிவம் தொங்குவதைப் பார்க்கலாம். உள்ளே மெல்லிய கையுறையே போதும், பிரேக் உணர்வு அப்படியே இருக்கும். பார்க்க அழகில்லை என்பதைத் தவிர இதில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. புறங்கைப் பகுதியை உதட்டில் அழுத்தி வைத்து ஊதவும். மறுபக்கம் விரலில் காற்று தெரிந்தால் சவ்வு இல்லை. பல கையுறைகளில் புறங்கையில் மட்டும் சவ்வு இருக்கும். விரல் இடுக்குகளிலும் உள்ளங்கையிலும் ஊதிப் பார்க்க வேண்டும். சைக்கிளுக்குப் புறங்கையும் விரல் முன்பக்கமும் போதும். நடப்பவருக்குக் காற்று எல்லாப் பக்கமிருந்தும் வரும்.

2. விரலை மடக்கி ஒரு குழாயைப் பிடிக்கவும். நீட்டியபோது சரியாக இருந்த கையுறை மடக்கியதும் நுனியில் இறுகினால் அந்த இடத்தில் பஞ்சு நசுங்கும், ரத்தமும் குறையும். நுனியில் அரை சென்டிமீட்டர் காலியிடம் வேண்டும். உள்ளே லைனர் என்கிற மெல்லிய உள் கையுறை போடப்போகிறீர்கள் என்றால் அதைப் போட்டபடியே அளவு பார்க்க வேண்டும். இறுக்கமான தடித்த கையுறையைவிடத் தளர்வான மெல்லியது சூடு.

3. மணிக்கட்டு. கையை முன்னால் நீட்டினால் ஜாக்கெட் கை பின்னால் போய் மணிக்கட்டு வெளியே தெரியும். ரத்தக் குழாய் தோலுக்கு அடியிலேயே ஓடும் இடம் அது. சைக்கிளுக்கு நீண்ட கழுத்துள்ள கையுறை வேண்டும். உலர்ந்த காற்றில் அது ஜாக்கெட் கைக்கு மேலே வரலாம். மழையில் உள்ளே போக வேண்டும், இல்லையேல் கைவழியே வழியும் நீர் நேராகக் கையுறைக்குள் இறங்கும்.

4. கையுறையோடு ஜிப்பை இழுக்கவும், பையின் பக்கிளைக் கழற்றவும், போன் திரையைத் தொடவும். முடியாததை மலையில் கழற்றித்தான் செய்வீர்கள்.

சென்னையிலோ மதுரையிலோ குளிரைச் சோதிக்க முடியாது. காற்றைச் சோதிக்கலாம். மெல்லிய பருத்தி லைனரை லேசாக நனைத்துப் போட்டு, அதன்மேல் கையுறையைப் போட்டு டேபிள் ஃபேன் முன்னால் ஐந்து நிமிடம் பிடிக்கவும். காற்று புகும் தையல்கள் விரலில் கோடு கோடாகச் சில்லிடும்.

எந்தக் குளிருக்கு எது?

காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணை வைத்துப் பார்ப்போம். 5 டிகிரிக்கு மேலே இருவருக்கும் சவ்வுள்ள மெல்லிய கையுறை போதும்; ஏற்றத்தில் அதுவும் வேண்டியிருக்காது. 5-இலிருந்து மைனஸ் 5 வரை சைக்கிளுக்குப் பஞ்சு சேர்ந்த விண்ட்ப்ரூஃப் ஐந்து விரல், நடைக்கு மெல்லிய கம்பளி லைனரும் பஞ்சில்லாத வெளி உறையும். அதற்குக் கீழே மைனஸ் 15 வரை சைக்கிளுக்கு லாப்ஸ்டர் அல்லது போகி, நடைக்கு லைனரும் பஞ்சு வைத்த மிட்டனும். அதற்கும் கீழே இரண்டு விளையாட்டுக்கும் பொதுவான கையுறை என்று ஒன்று கிடையாது.

ஒரே செட்டில் இரண்டையும் சமாளித்தே ஆக வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை அடுக்குமுறைதான்: இரண்டு ஜோடி மெல்லிய லைனர், ஒரு ஜோடி நடுத்தர ஃப்ளீஸ், மேலே தளர்வான காற்றுத் தடுப்பு உறை. ஏற்றத்தில் லைனர் மட்டும். உச்சியில் நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, மேலே மற்ற இரண்டும். கழற்றியதை ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்தால் உடல் சூட்டில் காயும். காசு குறைவு என்றால், மணாலி கடைவீதிக் கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் பெரிய அளவு ரப்பர் கையுறை. சிரிப்பார்கள், ஆனால் காற்றும் தண்ணீரும் சுத்தமாக நிற்கும். வியர்வையும் வெளியே போகாது என்பதால் இறக்கத்துக்கு மட்டும்.

ரசாயனச் சூடுபொட்டலங்களை நம்பிப் போகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அதற்குள் இருக்கும் இரும்புத்தூள் ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிப்பதால்தான் சூடு வருகிறது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, காற்றுப்புகா உறைக்குள் இன்னும் குறைவு. போடுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே பிரித்து வெளியே வைத்துச் சூடேற விட வேண்டும். பேட்டரி கையுறை என்றால் கழற்றிய லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். குளிரில் அவற்றின் சக்தியும் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் விரல் மரத்தால்

வலிக்கும்வரை பரவாயில்லை. வலி நின்று, நுனி வெளுத்து மெழுகுபோல ஆனால் அதுதான் ஆபத்துக் குறி. காற்று மறைவுக்குப் போய், ஈரக் கையுறையைக் கழற்றி, விரலை அக்குளில் வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிட மோசம், நெருப்பில் காட்டினால் உணர்ச்சியற்ற விரல் வெந்தாலும் தெரியாது. உண்மையாகவே உறைந்துவிட்டது என்றால் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அமிழ்த்தி இளக்குவதுதான் முறை. ஆனால் வழியில் மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் இளக்கவே கூடாது. இளகி மீண்டும் உறையும் விரலுக்குச் சேதம் பல மடங்கு. அப்படியே மூடிக் கட்டிக் கீழே இறக்கி, கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.